குனியும்போது வந்த வேர்வை

வெள்ளவத்தை,
14 செப்டெம்பர் 2008, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் ஜூட்,

இன்று நீ சாப்பிட வரவில்லை. மழை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். நீ இருக்கும் கொட்டாஞ்சேனையில் பேருந்து ஏற முடியாத அளவுக்கு மழை பெய்திருந்தால் இங்கே ஒரு தூறலாவது விழுந்திருக்கும். அம்மா காலையில் காயப்போட்ட துணிகள் மத்தியானமே முறுகிக் கிடந்தன. வந்தால் நான் மறுபடியும் அந்தப் பேச்சை எடுப்பேன் என்றுதான் நீ வரவில்லை. எடுத்திருப்பேன் என்பதும் உண்மை. ஆகவே எழுதுகிறேன். பேசும்போது நான் திகதிகளைத் திருத்திக்கொண்டே போவதால் கேட்பவர்கள் களைத்துப்போகிறார்கள் என்று உன் அம்மா குறைப்படுவாள். துறைமுகத்தில் முப்பது வருடத்துக்கு மேலாக லிகிதர் வேலை பார்த்தவனுக்கு, எந்தக் கப்பல் எந்த நாளில் வந்தது என்பதில் பிழை விட்டுப் பழக்கமில்லை. கடிதத்தில் உனக்கு ஒரு வசதி உண்டு: திகதிகளைத் தாண்டி வாசிக்கலாம். மற்றவற்றைத் தாண்டாதே.

விடயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இம்மாதம் 29ஆம் திகதி, திங்கட்கிழமை, உனக்கு டொன்சில் சத்திரசிகிச்சை. ஒக்டோபர் 25, சனிக்கிழமை, திருமணம். மாதத்துக்கு ஒரு தடவை வரும் தொண்டை நோவைக் கலியாணத்துக்கு முன்னரே முடித்துவிட வேண்டும் என்று எண்ணினாய்; நல்ல எண்ணம். அந்த மேசையில் ஏறி மயக்க மருந்து எடுப்பதற்கு முன்னர், ஒரு முழு நாளில் கழிக்கும் சிறுநீரைக் கலனில் சேர்த்து ஆய்வுகூடத்தில் கொடுத்துவிடு என்பது மட்டுமே என் வேண்டுகோள். வியாழக்கிழமை தொலைபேசியில் இதைச் சொன்னபோது நாம் பேசிக்கொண்டது எனக்கு வரிக்கு வரி ஞாபகம்.

“அப்பா, கலியாணம் முடியட்டும். பிறகு பார்ப்பம்.”

“கலியாணத்துக்கு முதல் டொன்சில் வருது, மகன்.”

“அது சின்ன ஒப்பரேசன். இப்ப போய் இதைக் கிளறினா மெலனியிட வீட்டில என்ன நினைப்பினம்? பரம்பரை வருத்தம் எண்டு ஒரு பேர் வந்திட்டா அவ்வளவுதான். அதோட எனக்கு ஒண்டுமில்லை அப்பா. செக்பொயின்டில நிண்டா ஆருக்குத்தான் வேர்க்காது?”

அந்தக் கடைசிக் கேள்விதான் என்னை எழுத உட்கார வைத்தது. அதே கேள்வியை, ஏறத்தாழ அதே சொற்களில், நம் குடும்பம் பதினான்கு வருடங்கள் கேட்டுக்கொண்டிருந்தது. கேள்விக்குள்ளேயே பதிலும் இருப்பதாக நாங்கள் நம்பியிருந்ததால் எவரும் மேலே ஆராயவில்லை.

சென்ற ஞாயிறு, 7ஆம் திகதி, நீ வந்து, கைகழுவி, உட்கார்ந்து, அம்மா இரண்டாம் தடவை சோறு போட்டு, மெலனியின் கூறைச்சேலை நிறத்தைப் பற்றிய விவாதமும் ஓய்ந்த பின்னரே உனக்கு அது வந்தது. மேசைக்குக் கீழே விழுந்த கரண்டியை எடுக்கக் குனிந்தாய். நிமிர்ந்தபோது உன் முகத்தில் இரத்தமே இல்லை. மேலுதட்டில் வேர்வை அரும்பியிருந்தது. கழுத்து நரம்பு சட்டைக் கொலரை அசைத்தது. கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, “வரேக்க பம்பலப்பிட்டியில இறக்கிச் செக் பண்ணினவங்கள். அந்தப் பதட்டம்” என்றாய். “பாவம் பிள்ளை” என்று அம்மா மின்விசிறியைக் கூட்டினாள். நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பம்பலப்பிட்டியில் வந்த பயம், இறால் குழம்பு முடியும்வரை ஓரமாகக் காத்திருந்து, கரண்டி விழுந்ததும் புறப்பட்டு வருமா?

நீ அறிந்ததையும் அறியாததையும் வரிசையாகச் சொல்கிறேன். உன் அப்பப்பா இறந்தது 1974 மார்ச் மாதத்தில். குடலிறக்கத்துக்கு ஒரு சிறு சத்திரசிகிச்சை. அடுத்த நாள் கஞ்சி கொண்டுவரச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனார். மயக்க மருந்து கொடுத்துச் சிறிது நேரத்தில் அவருடைய குருதி அமுக்கம் எவரும் எதிர்பாராத உயரத்துக்கு ஏறி, பின்னர் அப்படியே விழுந்துவிட்டது என்று சொன்னார்கள். நெஞ்சு பலவீனமாக இருந்திருக்கும் என்று அடக்கத்துக்கு வந்தவர்கள் சொன்னார்கள். யாருடைய பிழையும் அல்ல. தேட வேண்டிய ஒன்று அவருக்குள் இருந்தது என்பதை எவரும் அறிந்திருக்கவில்லை. அவருக்கு அடிக்கடி தலையிடி வரும், முகம் வெளிறும், சட்டை நனையும் என்பதை வீட்டில் இருந்தவர்கள் அறிந்திருந்தார்கள். ஆனால் அதை அவருடைய கோபம் என்று வைத்திருந்தோம்.

அவருக்கு அது கோபம் என்றால், என் தம்பி அன்ரனுக்கு, உன் சித்தப்பாவுக்கு, அது பயம் ஆயிற்று. எண்பத்து மூன்று ஜூலையில் நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருந்தோம். அயல் சிங்களக் குடும்பம் ஒன்றின் சமையலறையில் இரண்டு நாட்களும், பிறகு கோவில் மண்டபத்தில் சில நாட்களும் கழித்தோம். நீ இரண்டு வயதுக் குழந்தை. பெரும்பாலும் அன்ரனின் தோளில்தான் இருந்தாய். அந்த வருடக் கடைசியில்தான் அவனுக்கு முதல் தடவை அது வந்தது. நெஞ்சு இடித்தது, கை விறைத்தது, உடல் முழுக்க வேர்த்தது. கால் மணித்தியாலத்தில் ஒன்றும் நடவாததுபோல் அடங்கியது. ஜூலையைக் கண்ட பொடியன், பயம் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது என்றோம். அந்தக் காலத்தில் யாருக்குத்தான் நெஞ்சு இடிக்கவில்லை? எந்த வீட்டில்தான் பிரஷர் மாத்திரை இல்லை? நாட்டில் நடந்தவற்றுக்கு நடுவே ஒரு சுரப்பி தனியாகத் தன் காரியத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்று நினைக்க எங்களுக்கு வழியே இருக்கவில்லை.

1989இல் அவனுக்கு மோதரையில் ஒரு பெண் பேசினோம். பெண்ணின் தகப்பனார் வீட்டுக்கு வந்திருந்தார். அன்ரன் உற்சாகமாகச் சோடாப் பெட்டியில் இருந்து போத்தல்களை எடுக்கக் குனிந்தான். நிமிர்ந்தவன் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளிறிப்போய் நின்றான். வந்தவர் மரியாதையாகச் சோடாவைக் குடித்து முடித்தார். வாசலில் வைத்து என்னிடம் சொன்னார்: “குறை நினைக்க வேண்டாம் தம்பி. பொண்ணு பார்க்க வந்த எங்களைக் கண்டே இப்படி நடுங்குறவர், நாளைக்கு ஒரு கலவரம் எண்டா என்ன செய்வார்? எங்கட பிள்ளைதான் அவரையும் தூக்கிக்கொண்டு ஓடோணும்.” அன்ரன் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தான். அதன் பிறகு அவன் எந்தப் பெண்ணையும் பேச விடவில்லை. மகனே, இதைக் குறித்துக்கொள். அவர் அவனுடைய நோயைக் கண்டு பின்வாங்கவில்லை. நோயென்று ஒன்று இருப்பது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. பெயர் வைக்கப்படாத ஒன்றுக்கு அவரே ஒரு பெயர் வைத்துக்கொண்டு போனார். அந்தப் பெயர் அவனோடு எட்டு வருடங்கள் இருந்தது.

1995 ஒக்டோபரில், நாங்கள் வெள்ளவத்தைக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தபோது, காலி வீதிச் சோதனைச் சாவடி ஒன்றில் அன்ரனைப் பிடித்துவிட்டார்கள். அடையாள அட்டை சரி, பொலிஸ் பதிவு சரி, கோட்டையில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தில் வேலை செய்கிறான் என்ற கடிதமும் சரி. முகம் மட்டும் சரியில்லை. பையைத் திறந்து காட்டியவன் நிமிர்ந்தபோது வேர்வை ஓடியது, கை நடுங்கியது. ஒளிக்க எதுவும் இல்லாதவன் ஏன் நடுங்குகிறான் என்பது அவர்களுடைய கேள்வி. அவர்களுடைய இடத்தில் இருந்தால் நானும் அதைக் கேட்டிருப்பேன். நான் பொலிஸ் நிலையத்துக்கு ஓடினேன். பொறுப்பதிகாரி என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்குத் தெரிந்த ஒரே விளக்கத்தை அவருக்குச் சிங்களத்தில் சொன்னேன்: “எயா பயகுல்லெக், சேர்.” இவன் ஒரு பயந்தாங்கொள்ளி, ஐயா. அங்கிருந்த கொஸ்தாபல்மார் சிரித்தார்கள். சிரிப்பு வந்ததும் அறையின் இறுக்கம் தளர்ந்தது. மறுநாள் காலை அவனை விட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அன்ரன் சொன்னான்: “நல்ல வேளை அண்ணே, அதைச் சொன்னீங்க. அதுதான் என்னைக் காப்பாத்தினது.” சற்று நடந்து, “சிங்களத்தில நீங்க சொல்லேக்க அப்படியே சேர்டிபிகேட் மாதிரி இருந்தது” என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் அவனுடைய பையை வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வருடம் கோட்டையில் குண்டு வெடித்த அந்தப் புதன்கிழமையை நீ அறிவாய். நீ கண்டியில் பாடசாலை விடுதியில் இருந்தாய். எங்களோடு தொடர்புகொள்ள முடியாமல் அழுதாய் என்று பிற்பாடு அருட்தந்தை சொன்னார். அன்ரனின் கந்தோர் கண்ணாடிகள் எல்லாம் உதிர்ந்தன. அவன் தன்னோடு வேலை செய்த ஒரு பெரியவரை முதுகில் சுமந்து மூன்று மாடி இறங்கி, புகைக்குள்ளால் நடந்து, ஒரு வாகனத்தை மறித்து ஏற்றி, ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினான். மாலையில் வீட்டுக்கு வந்தபோது சட்டையெல்லாம் பிறருடைய இரத்தம். தேநீர்க் கோப்பையை வாங்கிய கையை நான் பார்த்தேன். அசைவே இல்லை. அதற்கு அடுத்த ஞாயிறு, பெப்ரவரி 4, வீதியெல்லாம் அடங்கிக் கிடந்த விடுமுறை நாள். நாங்கள் கரம் விளையாடிக்கொண்டிருந்தோம். ஒரு காய் துள்ளிக் கட்டிலுக்குக் கீழே போனது. அன்ரன் குனிந்து எடுத்தான். எடுத்தவன் தரையிலேயே இருந்துவிட்டான். ஈரத் துணிபோல முகம். “அண்ணே, இப்ப நான் எதுக்குப் பயப்படுறன்?” என்று கேட்டான். அவன் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினான். “புதன்கிழமைப் பயம் இப்பதான் வெளியில வருது போல” என்றேன். பார், அப்போதும் நான் அதை விடவில்லை.

1997 மே மாதத்தில், ஆஸ்பத்திரிக் கிளினிக் ஒன்றில், ஓர் இளம் பெண் வைத்திய நிபுணரிடம் போய்ச் சேர்ந்தோம். பிரஷருக்கு மூன்று விதமான மாத்திரைகளைப் போட்டும் குறையவில்லை என்பதற்காகத்தான் போனோம். “எப்பெப்ப வருது?” என்று கேட்டார். “செக்பொயின்டில, டொக்டர்” என்றான் அன்ரன். நான் குறுக்கிட்டேன். செக்பொயின்டில் மட்டும் என்பது சரியல்ல என்று சொல்லி, சோடாப் போத்தலில் தொடங்கி, எந்த வருடம், எந்தக் கிழமை, என்ன செய்துகொண்டிருந்தான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். உன் அம்மா அங்கே இருந்திருந்தால் என் கையைக் கிள்ளியிருப்பாள். அந்த வைத்தியரோ பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“குண்டு வெடிச்ச அண்டைக்கு?”

“அண்டைக்கு ஒண்டுமில்லை.”

“அதுக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டில, கரம் விளையாடேக்க?”

“ஓம், டொக்டர்.”

அவர் அன்ரனைப் பார்த்தார். “செக்பொயின்டில நீங்கள் என்ன செய்வீங்கள்? எனக்கு ஒருக்காச் செய்து காட்டுங்கோ. நான்தான் ஆமிக்காரன்.”

அன்ரன் வெட்கத்தோடு எழுந்தான். வரிசையில் நிற்பதுபோல நின்றான். அடையாள அட்டையை நீட்டினான். பிறகு தோள்பையைக் கழற்றித் தரையில் வைத்து, நன்றாகக் குனிந்து, சிப்பை இழுத்து, சாப்பாட்டுப் பெட்டியையும் குடையையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் காட்டினான். ஆமிக்காரர்கள் ஒருநாளும் தாங்கள் குனிவதில்லை அல்லவா? பையைத் தரையில் வைத்து நாமேதான் திறக்க வேண்டும். அன்ரன் நிமிர்ந்தான். அவன் உதடு வெளுத்தது. நான் இருந்த இடத்தில் இருந்தே அவனுடைய நெஞ்சு சட்டைக்குள் அடிப்பதைக் கண்டேன். வைத்தியர் ஓடிவந்து அவனைப் படுக்க வைத்து, கையில் பட்டியைச் சுற்றி ஊதினார். பிரஷர் கருவியில் இரசம் ஏறியது, ஏறிக்கொண்டே போனது. அந்த அறையில் துவக்கு இல்லை, சீருடை இல்லை. தரையில் ஒரு குடையும் சாப்பாட்டுப் பெட்டியும் மட்டும் கிடந்தன.

அது அடங்கிய பிறகு அவர் கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு விளக்கினார். சிறுநீரகங்களின் மேலே தொப்பிபோல ஒவ்வொரு சுரப்பி உண்டு. ஆபத்து வரும்போது உடம்பை ஆயத்தப்படுத்தும் அதிரினலினை அது சுரக்கும். அதில் ஒரு கட்டி வந்துவிட்டால், ஆபத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும், தன்பாட்டில் அள்ளி ஊற்றும். குனியும்போது வயிறு மடிந்து அந்தக் கட்டி நசுங்கும். நசுங்கினால் இன்னும் ஊற்றும். “நீங்கள் பயப்படேல்லை, அன்ரன். உங்கட உடம்பு பயத்தின்ர மருந்தைச் சும்மா சும்மா உங்களுக்கு ஏத்திக்கொண்டு இருந்திருக்கு” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “உங்கட அப்பா எப்படிச் செத்தவர்?” என்று கேட்டார். சொன்னேன். அவர் பேனாவை மறுபடி எடுத்து அதையும் எழுதினார். அன்ரன் முழங்கையைக் கண்மேல் போட்டுக்கொண்டு படுத்திருந்தான். அழுகிறான் என்று நினைத்தேன். கையை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தான். “பதினாலு வருசம், அண்ணே” என்றான். “மோதரைக்கு ஒரு தந்தி அடிப்பமா?”

அதன் பிறகுதான் கலன். ஒரு முழு நாள் சிறுநீரைச் சேர்க்க வேண்டும். அது கெடாமல் இருக்க அடியில் கொஞ்சம் அமிலம் ஊற்றித் தருவார்கள். அதற்கு முந்திய நாட்களில் தேநீர், கோப்பி, வாழைப்பழம், வனிலா சேர்ந்த பண்டம் எதுவும் கூடாது. தேநீர் இல்லாத அன்ரன் இந்த வீட்டில் எப்படி உலாவியிருப்பான் என்று நினைத்துப்பார். நான் தேயிலைப் பெட்டியை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். “அண்ணே, ஆமிக்காரன் பரவாயில்லை” என்றான். சேர்த்து முடிந்த நாள் காலை, தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் தெளிவாக எழுதி ஒட்டிய கலனைத் துணிப்பையில் வைத்து, பேருந்தில் ஆய்வுகூடத்துக்குப் புறப்பட்டோம். முச்சக்கரவண்டி குலுக்கும் என்பது என் அபிப்பிராயம். பம்பலப்பிட்டியில் எல்லோரையும் இறக்கினார்கள்.

“மேக்கே மொனவத?” இதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டான் துவக்கோடு நின்ற பொடியன் ஒருவன். இருபது வயதுகூட இராது.

“முத்ரா” என்றேன். சிறுநீர்.

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். “காகெத?” யாருடையது?

“மகே”, என்னுடையது, என்று அன்ரன் பாடசாலைப் பிள்ளைபோலக் கையை உயர்த்தினான்.

திறக்கச் சொன்னான். இந்த இடத்தில் என் ஒழுங்குப் புத்தி என்னைக் கெடுத்தது. முகத்தைக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம், உள்ளே அசிட் இருக்கிறது என்று எச்சரித்துவிட்டேன். அசிட் என்ற சொல்லைக் கேட்டதும் அவன் இரண்டு அடி பின்வாங்கித் துவக்கைத் தூக்கினான். வரிசையில் நின்றவர்கள் எங்களை விட்டு விலகினார்கள். விசில் ஊதப்பட்டது. சார்ஜன்ட் ஒருவர் வந்து, பையைத் தரையில் வைத்துத் திற என்று அன்ரனிடம் சொன்னார். அன்ரன் குனியப் போனான். வைத்தியர் அவனைக் குனியவே கூடாது என்று கட்டளையிட்டிருந்தார். நான் அவன் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டு, “நான் திறக்கிறேன், மாத்தயா. இவர் குனியக்கூடாது, வருத்தம்” என்று சிங்களத்தில் சொல்லி, அவனுக்காக நான் குனிந்தேன். வைத்தியர் எழுதித் தந்த துண்டை முதலில் எடுத்து நீட்டினேன். பிறகு கலனின் மூடியைத் திருகினேன். ஒரு நாள் சிறுநீரும் அமிலமும் சேர்ந்தால் வரும் வாசனையைக் கடல்காற்று நேரே சார்ஜன்டின் முகத்துக்குக் கொண்டுபோனது. “அம்மோ! வஹன்ன, வஹன்ன!” என்று மூக்கைப் பொத்திக்கொண்டு மூடச் சொன்னார். துவக்குப் பொடியன் அடக்க முடியாமல் சிரித்தான். வரிசையும் சிரித்தது. பேருந்தில் ஏறிய பிறகு அன்ரன் என் காதருகே சொன்னான்: “இவ்வளவு காலமும் என்னைப் பயத்தில மூத்திரம் போறவன் எண்டினம். இண்டைக்குத்தான் ஒருத்தன் திறந்து பார்த்துப் பயந்தவன்.”

முடிவு நாங்கள் எதிர்பார்த்ததுதான். குருதி அமுக்கத்தைத் தணிக்கும் மாத்திரைகளைச் சில வாரங்கள் கொடுத்து, உடம்பை நன்றாக ஆயத்தப்படுத்திய பின்னரே சத்திரசிகிச்சை செய்தார்கள். அந்த ஆயத்தம் இல்லாமல் உன் அப்பப்பா மேசையில் ஏறினார். அந்த ஆயத்தத்தோடு ஏறிய அன்ரன் இறங்கி வந்தான். இருவருக்கும் இடையில் இருந்த வித்தியாசம் அது ஒன்றுதான், ஜூட். கட்டி ஒரு தேசிக்காய் அளவு. வேலைக்குத் திரும்பிய முதல் நாள், சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டி நிமிர்ந்தவன், யாரும் கேட்காமலே மறுபடியும் குனிந்து திறந்து காட்டினானாம். “போதும், போ” என்று துரத்தியிருக்கிறார்கள். அவன் வீட்டுக்கு வந்து எனக்கும் குனிந்து காட்டினான்.

பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு வரக்கூடும் என்று அந்த வைத்தியர் என்னையும் சோதித்தார். எனக்கும் இருந்தது. எனக்கு வேர்வை இல்லை, நடுக்கம் இல்லை. வயதுக்கு வரும் பிரஷர் என்று நான் சாதாரணமாகக் காவிக்கொண்டு திரிந்தேன். 1998 ஜனவரியில் எனக்கும் வெட்டி எடுத்தார்கள். உனக்கு அதை ‘ஹேர்னியா’ என்று சொன்னோம். உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். அதே வருடம் விடுமுறையில் உன்னிடமும் கலனைத் தந்தோம். நீ முகத்தைச் சுளித்துக்கொண்டு நிரப்பினாய். ஒன்றும் இல்லை என்று வந்தது. ஆனால் அன்று இல்லை என்பது என்றைக்கும் இல்லை என்பதாகாது, வருடம் ஒருதரம் பார்க்க வேண்டும் என்றார் வைத்தியர். இரண்டு வருடம் பார்த்தோம். பிறகு நீ வளர்ந்துவிட்டாய். வளர்ந்த பிள்ளையிடம் எப்படிக் கலனை நீட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதோடு உன் முகம் எப்போதும் நல்ல நிறமாகவே இருந்தது. சென்ற ஞாயிறுவரை.

இப்போது மெலனி. பரம்பரை வருத்தம் என்று பேர் வந்துவிடும் என்கிறாய். நம்மவர்கள் கலியாணம் பேசும்போது சாதகத்தையும் சம்பளத்தையும் விபரமாகச் சொல்லிவிட்டு, வருத்தங்களைத் திரைக்குப் பின்னால் தள்ளிவிடுவார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் நான் உனக்கு உன் சித்தப்பாவைக் காட்டுகிறேன். மறைத்ததால் அவன் தப்பவில்லை. பெயர் இல்லாததால் அவனுக்கு வாய்த்தது வேறொரு பெயர். இந்த வருத்தத்துக்குப் பெயர் உண்டு, சோதனை உண்டு, மருந்து உண்டு, சத்திரசிகிச்சை உண்டு. இவ்வளவும் உள்ள ஒன்றைச் சொல்லிவிட்டுக் கலியாணம் செய்வது, ஒன்றுமே தெரியாமல் உன் வெளிறிய முகத்துக்கு அந்தப் பெண் தானாக ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்வதைவிட எவ்வளவோ மேல். அவள் உன்னைக் கோபக்காரன் என்று நினைக்கலாம். பயந்தவன் என்று நினைக்கலாம். தன்மீது அன்பில்லாதவன் என்றுகூட நினைக்கலாம். நாளை உங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது விளையாடும்போது வெளிறினால், எங்கே பார்க்க வேண்டும் என்பது தாய்க்குத் தெரிந்திருக்க வேண்டாமா? விரும்பினால் இந்தக் கடிதத்தையே அவளிடம் கொடு. அவள் வாசிக்கக்கூடியவாறுதான் எழுதியிருக்கிறேன். திகதிகளை அவளும் தாண்டலாம்.

உன் சித்தப்பாவிடம் நேற்றுத் தொலைபேசியில் கேட்டேன், ஜூட்டிடம் நீ பேசேன், கொட்டாஞ்சேனையில் உன் பக்கத்துத் தெருவில்தானே இருக்கிறான் என்று. “நான் கதைச்சனான் அண்ணே” என்றான். “என்ன சொன்னவன்?” என்றேன். “செக்பொயின்டில ஆருக்கு வேர்க்காது எண்டான்.” “நீ என்ன சொன்னாய்?” அவன் சொன்னான்: “எனக்கு இப்ப வேர்க்கிறேல்லை எண்டன். பதினொரு வருசமா எத்தினை செக்பொயின்ட். பயம் வரும். பயந்தா வாய் காயும், அவ்வளவுதான். வேர்வை வேற, மகன், எண்டு சொன்னன். அவன் எழும்பிப் போயிட்டான்.” எழும்பிப் போனாய் என்பதைக் கேட்டு நான் நிம்மதியடைந்தேன். நம்பாதவன் இருந்து விவாதித்திருப்பான்.

ஆகவே இப்படிச் செய்வோம். சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டுமா என்பதைச் சோதனை முடிவைப் பார்த்து வைத்தியர் சொல்லட்டும்; முடிவு வரும்வரை அந்த மேசையில் ஏறாதே. நாளை, திங்கட்கிழமை, கலனை நான் வாங்கி வைக்கிறேன். புதன்கிழமை மாலை நீ இங்கே வா. அம்மா தேயிலைப் பெட்டியை ஏற்கெனவே பூட்டிவிட்டாள். தானும் குடிப்பதில்லை என்று சொல்கிறாள், அது எத்தனை நாளைக்கு என்று பார்க்கலாம். வெள்ளிக்கிழமை காலை நாம் இருவரும் ஆய்வுகூடத்துக்குப் போவோம். நீ தனியாகப் போக வேண்டாம். இருபத்தேழு வயதுத் தமிழ்ப் பொடியன் ஒருவன் மூடி திருகிய கலனோடு காலி வீதியில் நிற்பதும், எழுபத்தொரு வயதுக் கிழவன் நிற்பதும் ஒன்றல்ல. என்ன சொல்ல வேண்டும், எந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது என்பது எனக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

கலனை நான் தூக்கி வருவேன். பம்பலப்பிட்டியில் இறக்கி, பையைத் தரையில் வைத்துத் திறக்கச் சொன்னால், நீ என் பக்கத்தில் நேராக நின்றால் போதும். எனக்கு முழங்காலைத் தவிர வேறு தடை ஒன்றுமில்லை. நான் குனிகிறேன்.

அன்புடன்,
அப்பா